இரண்டு ரோசா நிறங்கள்: அறைக்கு உகந்தது எது?

தீபாவளிக்கு ஒரு திங்கள் இருக்கையிலேயே நம் தோட்டப்புற இல்லங்களிலும், தோட்டங்களை விட்டு வெளியேறி மலிவு விலை வீடுகளில் குடியேறியுள்ள நம்மவர் இல்லங்களிலும் சாயம் பூசும் பேச்சு எழுந்துவிடுகின்றது. லயத்து வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்த காலத்தில் நிறத்தைத் தெரிந்தெடுக்கும் தொல்லை எவருக்கும் இருந்ததில்லை. வெள்ளை, மிஞ்சினால் வெள்ளையில் சிறிது நீலம். இன்றோ பட்டணத்துச் சாயக் கடைகளில் நிற அட்டைகள் அடுக்கடுக்காக வைக்கப்பட்டுள்ளன. ரோசா நிறம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலும், ஒன்றுக்கொன்று மயிரிழை வேறுபாடே உடைய பல வகைகள் அவற்றில் உள்ளன.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். பெற்றோர் இருவரும் செம்பனைத் தோட்டத்தில் நெடுங்காலம் உழைத்து, தாமானில் ஒரு சிறு வீட்டை வாங்கியுள்ளனர். அதுவரை தம்பி தங்கையரோடு ஒரே அறையில் படுத்துறங்கிய மூத்த மகளுக்கு இப்பொழுதுதான் தனியறை கிடைத்திருக்கின்றது. அதற்கு ரோசா நிறம் பூச வேண்டும் என்பது அவள் விருப்பம். கடையில் பலவற்றைத் தள்ளிய பின் இரண்டு அட்டைகள் மிஞ்சுகின்றன. தாய் ஒன்றைக் காட்டுகிறார். மகள் மற்றதைக் காட்டுகிறாள். தந்தைக்கோ இரண்டும் ஒன்றாகவே தோன்றுகின்றன. "ஏதாவது ஒன்றை எடுங்கள், பேருந்துக்கு நேரமாகிறது" என்கிறார் அவர்.

கடைக்காரர் இயந்திரத்தில் சாயத்தைக் கலந்து கொடுத்துவிட்டால் பின்னர் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள மாட்டார். ஒருவருக்கெனக் கலந்த நிறத்தை வேறொருவர் வாங்குவது அரிது. ஆகவே அவரைக் குறை கூறுவதற்கில்லை. எனவே அட்டையைச் சுட்டிக்காட்டும் அந்த ஒரு கணத்தில், பண்டிகைக்கென ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியும், அந்த அறையில் அப்பெண் படித்தும் உறங்கியும் கழிக்கவிருக்கும் ஐந்தாறு ஆண்டுகளும் முடிவாகிவிடுகின்றன. அத்தகைய முடிவைக் கடையில் நின்றபடி செய்தல் கூடாது, சாயம் பூசப்படவிருக்கும் அறையிலேயே செய்தல் வேண்டும் என்பதுதான் நாம் இக்கட்டுரையில் கூற விழைவது. அதற்கான காரணங்களை அறிந்துகொண்டால் தாயும் மகளும் கடையில் வாதிட வேண்டிய தேவையும் இராது.

முதலில், ஒன்றுபோல் தோன்றும் இரண்டு ரோசா நிறங்கள் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதைப் பார்ப்போம். அமெரிக்க ஓவிய ஆசிரியரான ஆல்பர்ட் மன்செல் என்பார் 1905ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், எந்த நிறத்தையும் மூன்று அளவுகளால் குறிக்கலாம் என்று காட்டினார். அது எந்த நிறத்தைச் சார்ந்தது, எவ்வளவு வெளிறியது அல்லது கருத்தது, எவ்வளவு அழுத்தமானது என்பனவே அம்மூன்று. ரோசா என்பது வெளிறிய சிவப்பு. ஆனால் சிவப்பு தனித்து நிற்பதில்லை. ஒரு புறம் நீலத்தை நோக்கியும் மறு புறம் மஞ்சளை நோக்கியும் அது சாயும். விருந்துகளில் நாம் பருகும் பண்டுங் பானத்தின் நிறம் நீலத்தை நோக்கிச் சாய்ந்த ரோசா. வெந்த இறாலின் நிறம் மஞ்சளை நோக்கிச் சாய்ந்த ரோசா. கடையில் மிஞ்சும் இரண்டு அட்டைகளில் பெரும்பாலும் ஒன்று பண்டுங் பக்கமும் மற்றொன்று இறால் பக்கமும் நிற்கும். இனி அவற்றைப் பண்டுங் ரோசா என்றும் இறால் ரோசா என்றுமே அழைப்போம். கடைக்காரர்கள் சூட்டும் அழகிய பெயர்களைவிட இவை நமக்கு நன்கு விளங்கும்.

இந்தச் சாய்வு எங்கிருந்து வருகின்றது? சுவர்ச் சாயத்திற்கு வெண்மை தருவது பெரும்பாலும் டைட்டானியம் டையாக்சைடு என்னும் வெண்பொடி. அந்த வெள்ளைச் சாயத்தில் இயந்திரம் சில துளி நிறமிகளைச் சேர்க்கின்றது. இரும்புத் துருவின் இனத்தைச் சேர்ந்த செங்காவி நிறமியைச் சேர்த்தால் மண்வாடை கலந்தாற்போன்ற இறால் ரோசா கிட்டும். குயினாக்ரிடோன் என்னும் வேதியியல் நிறமி 1958ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. அதைச் சேர்த்தால் தெளிந்த பண்டுங் ரோசா கிட்டும். வேறு பல நிறமிகளும் உண்டு. துளிகளின் எண்ணிக்கை சிறிது மாறினாலும் நிறம் மாறிவிடுகின்றது.

மிகவும் வெளிறிய நிறத்தில் இந்தச் சாய்வைக் கண்டறிவது கடினம். அதற்கு ஓர் எளிய வழி உண்டு. கடையில் கிடைக்கும் நிற அட்டைகள் பலவற்றில் ஒரே நிறம் மிக வெளிறியது முதல் மிக அழுத்தமானது வரை வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். நாம் விரும்பும் வெளிறிய நிறத்தை விட்டுவிட்டு, அதே அட்டையின் அடியிலுள்ள அழுத்தமான நிறத்தை நோக்க வேண்டும். ஒன்றின் அடியில் கத்தரிப்பூவை நினைவூட்டும் சிவப்பும் மற்றொன்றின் அடியில் செங்கல்லை நினைவூட்டும் சிவப்பும் இருப்பின், எது எப்பக்கம் சாய்கின்றது என்பது தெளிவாகிவிடும். தந்தையார்கூட ஒப்புக்கொள்வார்.

வேறுபாடு தெரிந்துவிட்டது. ஆயினும் கடையிலேயே முடிவு செய்யக் கூடாது என்று நாம் ஏன் கூறுகின்றோம்? சாயத்துக்குச் சொந்தமாக ஒளி இல்லை என்பதே காரணம். தன்மீது விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கி மற்றொரு பகுதியைத் திருப்பி அனுப்புவது மட்டுமே அதன் வேலை. விழும் ஒளி மாறினால் திரும்பும் ஒளியும் மாறும். ஓர் ஒளியில் முற்றிலும் ஒன்றாகத் தோன்றும் இரண்டு நிறங்கள் வேறோர் ஒளியில் வெவ்வேறாகத் தோன்றுவதும் உண்டு. சேலைக் கடையில் மின்விளக்கின் கீழ்ப் பொருத்தமாகத் தெரிந்த ரவிக்கைத் துணி, வெளியே வெயிலுக்கு வந்ததும் பொருந்தாமற் போவதை நம் தாய்மார்கள் நன்கு அறிவார்கள். கடைக்காரரிடம் கேட்டு வாசலுக்குத் துணியை எடுத்துச் சென்று பார்க்கும் வழக்கம் அதனாலேயே ஏற்பட்டது. சாய அட்டையையும் அவ்வாறே வாசலுக்கு எடுத்துச் செல்லலாம். ஆனால் அதுவும் போதாது. கடைவாசல் வெயிலில் நாம் வாழப் போவதில்லை அல்லவா?

அறையின் பகல் ஒளியைப் பற்றி வெளிநாட்டு நூல்களும் சாய நிறுவனங்களின் கையேடுகளும் நிறையக் கூறுகின்றன. வடக்கு நோக்கிய சன்னலையுடைய அறையில் வெயிலே விழாது, அங்கு ஒளி நீலம் கலந்து குளிர்ந்திருக்கும், ஆதலால் மஞ்சள் சாய்ந்த நிறத்தைப் பூசுக என்பது அவற்றில் அடிக்கடி காணப்படும் அறிவுரை. ஐரோப்பாவுக்கு அது சரி. நம் நாடு நிலநடுக்கோட்டை ஒட்டியிருப்பதால் அது இங்கு அப்படியே பொருந்தாது. கோலாலம்பூரில் ஏறத்தாழ ஏப்ரல் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை நண்பகற் சூரியன் தலைக்கு வடபுறத்திலும், எஞ்சிய திங்கள்களில் தென்புறத்திலும் நிற்கின்றது. ஆகவே ஆண்டின் நடுவில் வடக்குச் சன்னலும் ஆண்டின் இறுதியில் தெற்குச் சன்னலும் வெயில் காண்கின்றன. நமக்கு முக்கியமானவை கிழக்கும் மேற்குமே. கிழக்குச் சன்னலில் காலையிலும் மேற்குச் சன்னலில் மாலையிலும் மஞ்சள் கலந்த வெயில் நேரே விழும். அப்பொழுது இறால் ரோசா ஆரஞ்சுத் தோலை நெருங்கிவிடும், பண்டுங் ரோசா இதமடையும். தீபாவளிக் காலத்தில் பெரும்பாலும் பிற்பகலில் வானம் இருண்டு மழை கொட்டுகின்றது. அந்த மேகமூட்டத்தில் இரண்டுமே சோர்ந்து தோன்றும். பண்டுங் ரோசா சற்று நீலம் பாரித்தும் தெரியும்.

இவற்றோடு, எந்த நூலிலும் நாம் காணாத ஒன்றையும் தோட்டப்புற வாசகர்கள் கருத்திற் கொள்ள வேண்டும். சன்னலுக்கு வெளியே பத்தடி தூரத்தில் செம்பனை மட்டைகள் அடர்ந்திருப்பின், அறைக்குள் வருவது இலைகளில் பட்டுத் திரும்பிய பச்சை கலந்த ஒளி. ரோசா நிறம் பச்சை ஒளியைக் குறைவாகவே திருப்பி அனுப்பும். ஆதலால் அந்த அறையில் எந்த ரோசாவும் சற்று மங்கிச் சாம்பல் பூத்தாற்போல் தோன்றும். மாறாக, வீட்டு முன்னால் செம்மண் வெளி இருப்பின், வெயில் அதில் பட்டுச் சிவந்து உள்ளே வரும். வெள்ளைச் சுவர்கூட அங்கு இளஞ்சிவப்பாகத் தெரியும். ஒரே டின் சாயத்தை ஒரே வரிசையிலுள்ள இரண்டு வீடுகளில் பூசினாலும் ஒன்றுபோல் அமையாதிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பக்கத்து வீட்டில் நன்றாயிருந்தது என்று அதே எண்ணைக் கேட்டு வாங்கி வருபவர்கள் இதை எண்ணிப் பார்ப்பது நலம்.

ஆயினும் பகலொளியைவிட விளக்கொளிக்கே நாம் அதிக மதிப்பளிப்போம். பால்மரம் சீவச் செல்வோர் விடியுமுன் எழுந்து விளக்கொளியில் புறப்படுகின்றனர். பள்ளிப் பிள்ளைகள் பகல் முழுதும் வெளியே இருந்து இரவில்தான் தம் அறையில் அமர்ந்து படிக்கின்றனர். அவர்கள் தம் அறைச் சுவரைக் காணும் நேரத்தில் பெரும்பகுதி விளக்கு எரியும் நேரமே. நம் வீடுகளில் மிகுதியாக உள்ளவை வெண்ணிற ஒளி தரும் குழல் விளக்குகளும் எல்.இ.டி. விளக்குகளும். அவற்றின் பெட்டியில் 6500 கெல்வின் என்று அச்சிடப்பட்டிருந்தால் ஒளி நீலம் கலந்த வெண்மையாயிருக்கும். 2700 அல்லது 3000 என்றிருந்தால் பழைய குமிழ் விளக்கைப் போல மஞ்சளாயிருக்கும். மேலும், மலிவான எல்.இ.டி. விளக்குகள் பலவற்றின் ஒளியில் ஆழ்ந்த சிவப்புப் பகுதி குறைவு. அவற்றின் கீழ் ரோசா நிறம் உயிரற்றுத் தோன்றும்.

வெண்குழல் விளக்கின் கீழ்ப் பண்டுங் ரோசா குளிர்ந்து, சில வேளைகளில் ஊதா பூசியதுபோல் ஆகிவிடுகின்றது. இறால் ரோசாவோ அவ்விளக்கின் கீழ்த் தன் மஞ்சளைச் சிறிது இழந்து, உண்மையான ரோசாவாகக் காட்சி தருகின்றது. மஞ்சள் விளக்கின் கீழ் நிலைமை தலைகீழ். ஆகவே, வெண்குழல் விளக்கு எரியும் அறைக்கு இறால் ரோசாவையும், மஞ்சள் விளக்கு எரியும் அறைக்குப் பண்டுங் ரோசாவையும் முதலில் சோதித்துப் பார்க்கும்படி நாம் கூறுவோம். இது நம் கணிப்பே. சுவரில் பார்த்த பின் கண் வேறு கூறுமாயின் கண்ணையே நம்புக. பூசிய பின் நிறம் பிடிக்காமற் போனவர்களும் உடனே மீண்டும் சாயம் வாங்க ஓட வேண்டா. விளக்கை மாற்றிப் பார்க்கலாம். ஒரு விளக்கின் விலை ஒரு டின் சாயத்தின் விலையைவிட மிகக் குறைவு.

அடுத்தது அண்டை நிறங்களின் ஆதிக்கம். பாரிசு நகரின் கோபெலின் திரைச்சீலை நெசவுக் கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைவராயிருந்த மிசெல் ஷெவ்ரல் என்னும் வேதியியல் அறிஞரிடம், கறுப்பு நூலின் சாயம் சரியில்லை என்ற புகார் வந்தது. அவர் ஆராய்ந்தபோது சாயத்தில் குறையேதும் இல்லை. அந்தக் கறுப்பு நூலை நீலம், ஊதா நூல்களுக்கு அருகில் வைத்து நெய்ததே அது சோர்ந்து தெரியக் காரணம் என்று கண்டார். இதைப் பற்றி அவர் 1839ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூல் ஓவியர்களிடையே புகழ் பெற்றது. (அவர் 102 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது இக்கட்டுரைக்குத் தொடர்பற்றதாயினும் சொல்லத் தோன்றுகின்றது.) அடுத்தடுத்து நிற்கும் நிறங்கள் தம்முள் விலகி நிற்பதாகவே நம் கண் காணும் என்பது அவர் கண்ட உண்மை.

நம் வீடுகளில் இது எவ்வாறு செயற்படுகின்றது? பழைய வீடுகள் பலவற்றில் தரை சிவப்புச் சிமெண்டு. அத்தகைய தரைக்கு அருகில் வெளிறிய ரோசா மேலும் வெளிறி, சிவப்பை இழந்ததுபோல் தோன்றும். பச்சைத் திரைச்சீலைக்கு அருகில் அதே ரோசா மேலும் சிவக்கும். இதில் ஒரு பொறியும் உண்டு. பழைய சுவர் இளம்பச்சையாயிருக்க, அதன்மீதே மாதிரிக்கு ஒரு கையகலம் ரோசாவைத் தீட்டிப் பார்ப்போர் பலர். சுற்றியுள்ள பச்சை அந்த ரோசாவைச் சிவக்கக் காட்டும். "இது அழுத்தமாக இருக்கிறதே" என்று அதைத் தள்ளிவிட்டு, வேறொன்றை வாங்கி நான்கு சுவர்களிலும் பூசி முடித்த பின், பச்சையும் மறைந்து, ரோசாவும் சப்பிட்டுப் போயிருக்கும்.

இதற்கு நேர்மாறான பொறி அட்டையின் சிறுமையில் இருக்கின்றது. இரண்டு விரல் அகல அட்டையில் மென்மையாகத் தெரியும் நிறம், நான்கு சுவர்களிலும் ஏறியதும் எதிர்பாராத அளவு அழுத்தமாகிவிடும். பெரிய பரப்பில் நிறம் வலுவாகத் தோன்றுவது ஒரு காரணம். ஒரு சுவரில் பட்டு ரோசாவாகத் திரும்பும் ஒளி எதிர்ச்சுவரில் மீண்டும் பட்டு மேலும் ரோசாவாகத் திரும்புவது மற்றொரு காரணம். சிறிய அறையாயின் இது மிகும். எனவே இரண்டில் எது என்ற ஐயம் கடைசிவரை தீராவிடில், வெளிறியதையே எடுக்கும்படி நாம் பரிந்துரைப்போம்.

சோதிக்கும் முறை செலவு மிக்கதன்று. இரு நிறங்களிலும் கிடைக்கும் மிகச் சிறிய அளவை வாங்கிக்கொள்க. சில கடைகளில் மாதிரிக்கென்றே சிறு புட்டிகள் விற்கின்றனர். இரண்டடிச் சதுரமுள்ள பலகையோ கெட்டி அட்டையோ இரண்டை எடுத்து, முதலில் வெள்ளை பூசிக் காயவிட்டு, ஓரத்தில் மூன்று விரல் அகலம் வெள்ளையாகவே விட்டு, நடுவில் இரண்டு முறை சாயம் பூச வேண்டும். அந்த வெள்ளை ஓரந்தான் பழைய சுவரின் நிறம் கண்ணை ஏமாற்றாமல் காக்கும். ஈரமாக இருக்கும்போது தீர்ப்புக் கூறலாகாது. நீர்ச் சாயம் ஈரத்தில் பால்போல் வெளிறியிருந்து, காய்ந்ததும் சற்றுக் கருக்கும். ஒரு நாள் காயவிட்டு, பலகைகளைச் சுவரில் நிமிர்த்திச் சாத்தி வைக்க. சன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு நாள், சன்னலையொட்டிய இருண்ட சுவரில் ஒரு நாள். கட்டில் விரிப்பும் திரைச்சீலையும் அருகில் இருக்கட்டும்.

பார்க்கும் முறையிலும் கவனம் வேண்டும். நெடுநேரம் உற்றுப் பார்த்தால் கண் பழகிவிடும், வேறுபாடு மறையும். அறைக்குள் நுழைந்ததும் ஏற்படும் முதல் எண்ணமே பயனுடையது. காலையில் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை, இரவில் விளக்கேற்றிய பின் இரு முறை என மூன்று நாட்கள் பார்த்தாற் போதும். அந்தி மங்கும் வேளையில் மட்டும் முடிவு செய்ய வேண்டா. ஒளி குறையக் குறையச் சிவப்பு நிறங்கள் முதலில் இருண்டு, நீலமும் பச்சையும் எடுப்பாகத் தெரியும் என்பதைச் செக் நாட்டு உடலியலறிஞர் யான் பர்கிஞ்சி 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே குறித்துள்ளார். அவ்வேளையில் எந்த ரோசாவும் தன் நிலையில் இராது.

மூன்று நாட்களுக்குப் பின்னும் தாயும் மகளும் வேறுபட்டால்? அது பிடிவாதமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சள் பாரிக்கின்றது. கண்புரை தொடங்கியவர்களுக்கு நீலச் சாயல் மேலும் மங்கும். மகளுக்கு ஊதா கலந்ததாகத் தெரியும் பண்டுங் ரோசா பாட்டிக்கு வெறும் ரோசாவாகத் தெரிவது இயல்பே. ஆண்களில் சிலருக்குப் பிறவியிலேயே சிவப்பு, பச்சை வேறுபாடு சரிவரத் தெரிவதில்லை. பெண்களில் இது மிகக் குறைவு. இரண்டும் ஒன்றே என்று சொன்ன தந்தை உண்மையைத்தான் சொல்லியிருக்கக் கூடும். அந்த அறையில் எவர் வாழப் போகிறாரோ அவர் கண்ணுக்கே இறுதிச் சொல் உரியது என்பது நம் கருத்து.

ரோசா நிறம் மனத்தை அமைதிப்படுத்தும், கோபத்தைத் தணிக்கும் என்றும் சிலர் கூறக் கேட்கின்றோம். இக்கூற்றுக்கு ஒரு வரலாறு உண்டு. 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டல் நகரில், கடற்படைச் சிறையொன்றின் அறைக்கு அடர்ந்த ரோசா நிறம் பூசி, கைதிகளின் முரட்டுத்தனம் குறைந்ததாக அறிவித்தனர். பிற்காலத்தில் கட்டுப்பாட்டுடன் செய்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. ஆகவே பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக ரோசாவைப் பூசுக. சண்டை குறையும் என்பதற்காக அன்று.

முடிவு செய்தபின் அளவு. பத்தடிக்குப் பத்தடி அறை, ஒன்பதடி உயரச் சுவர் என்றால் நான்கு சுவர்களும் 360 சதுர அடி. கதவையும் சன்னலையும் கழித்தால் ஏறத்தாழ 320 சதுர அடி, அஃதாவது 30 சதுர மீட்டர். ஒரு லிட்டர் சாயம் ஒரு பூச்சுக்குப் பத்து முதல் பன்னிரண்டு சதுர மீட்டர் வரை வரும். இரண்டு பூச்சுக்கு ஐந்து அல்லது ஆறு லிட்டர் தேவை. முழுவதையும் ஒரே நாளில் வாங்கி, ஒரு பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்துகொள்வது நல்லது. இரண்டு டின்களுக்கிடையே சிறு வேறுபாடு இருப்பினும், சுவரின் நடுவில் அது கோடாகத் தெரியாது. தோட்ட நிர்வாகத்துக்குரிய வீடாயின் முன்கூட்டியே அனுமதி பெற்றுக்கொள்க. பழங்காலத்து வீடுகளின் கதவு, சன்னல்களிலுள்ள எண்ணெய்ச் சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் எழும் தூசி குழந்தைகளுக்குப் பெருந்தீங்கு விளைவிக்கும். நீர் தெளித்துத் தேய்த்து, பிள்ளைகளை அப்புறம் அனுப்பிவிட்டு, ஈரத் துணியால் துடைத்தெடுத்தல் வேண்டும்.

வேலை முடிந்ததும் எஞ்சிய சாயத்தை இறுக மூடக்கூடிய புட்டியில் ஊற்றி, கடைக்காரர் டின்னின்மேல் ஒட்டிய கலவை எண் சீட்டைப் பெயர்த்தெடுத்து அப்புட்டியில் ஒட்டி, எந்த அறை, எந்த ஆண்டு என்று எழுதி வைத்துக்கொள்க. அடுத்த ஆண்டு கட்டிலை நகர்த்தும்போது சுவரில் கீறல் விழுந்தால், அந்தப் புட்டியைத் திறந்தாற் போதும். நிற அட்டையின் முன் மீண்டும் நிற்க வேண்டியதில்லை.